ஓவியர் டூரரும் அவர்தம் யாத்திரைகளும்

பொருள் தேடிக் கடல் கடந்து செல்லுதல் நம்மவர்க்குப் புதிய செய்தி அன்று. ஒளவை மூதாட்டி அதனைச் சிறுவர்க்கே விதித்துச் சென்றாள். ஆயின் பொருளுக்காகச் செல்வோர் பலர். அறிவுக்காகச் செல்வோர் சிலர். பெற்ற அறிவைத் தம் ஊரார்க்கு உரியதாக்கும் பொருட்டு மீள்வோர் அவரினும் சிலர். அத்தகையார் ஒருவரின் வரலாற்றை இவ்விழா மலரிலே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

மேனாட்டு ஓவியருட் பலர் யாத்திரையாற் புதுப்பிறப்பு எய்தினர். பிரான்சிய ஓவியர் தெலக்குருவா 1832 ஆம் ஆண்டில் மொறொக்கோவுக்குச் சென்று திரும்பிய பின், அந்நாட்டு ஒளியும் நிறமும் அவர் ஓவியங்களை விட்டு நீங்கவில்லை. கோகன் என்பார் 1891 ஆம் ஆண்டில் தாகித்தித் தீவை நாடிச் சென்று, ஈற்றில் தென்கடலிலேயே உயிர் நீத்தார். இவர்க்கெல்லாம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவர் ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரத்தவரான அல்பிரெக்ட் டூரர். புகைவண்டியும் நீராவிக் கப்பலும் இல்லாத காலத்தில், குதிரையிலும் படகிலும் காலாலும் நாடு கடந்த இவரது வாழ்வை நோக்குவார்க்கு, யாத்திரை ஒருவனுக்கு எதனைத் தரும், அதற்கு ஈடாக எதனைக் கொள்ளும் என்பவை இரண்டும் விளங்கும்.

பிறப்பும் பயிற்சியும்

டூரர் 1471 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆம் நாள் நூரம்பேர்க்கிற் பிறந்தார். தந்தையார் பொற்கொல்லர், ஹங்கேரி நாட்டிற் பிறந்து, நெதர்லாந்தின் சிறந்த கலைஞரிடையே நெடுநாள் இருந்து தொழில் கற்று, 1455 இல் நூரம்பேர்க்கை அடைந்து அங்கேயே குடியேறியவர். அவரது பூர்வீக ஊரின் பெயர் ஹங்கேரி மொழியிற் கதவு என்னும் பொருளைத் தருவது. அதனை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தமையாலேயே டூரர் என்னும் குடிப்பெயர் தோன்றிற்று. அக்குடும்பத்தின் சின்னத்திலும் திறந்த கதவு ஒன்றே பொறிக்கப்பட்டுளது. நாடு விட்டு நாடு சென்று தொழில் பயில்தல் அக்குடிக்கு வழிவழி வந்த வழக்கமாயிற்று.

பெற்றோர்க்குப் பிள்ளைகள் பதினெண்மர். அவருள் வளர்ந்து ஆளானவர் மூவரே. அல்பிரெக்ட் தந்தையாரின் பட்டறையிலேயே பொன்வேலை கற்கத் தொடங்கினார். பதின்மூன்றாம் வயதில், 1484 ஆம் ஆண்டில், கண்ணாடியிற் பார்த்துத் தம் உருவத்தை வெள்ளி ஊசியாற் கீறினார். வெள்ளி ஊசியின் கோட்டை அழித்துத் திருத்துதல் இயலாது. அத்தகைய கருவியை ஒரு சிறுவன் ஆண்ட திறம் இன்றும் வியப்பைத் தருவது. அந்தப் படம் வியன்னா நகரில் உள்ளது.

மகனின் மனம் பொன்னிலும் ஓவியத்தையே நாடுவதைக் கண்ட தந்தையார், வீணாய்ப்போன பயிற்சிக் காலத்தை எண்ணி வருந்தினார், ஆயினும் தடுத்தாரல்லர். 1486 இன் இறுதியில் மிகாயேல் வோல்கெமுட் என்னும் ஓவியரிடம் மகனை ஒப்படைத்தார். வோல்கெமுட்டின் பட்டறை, அச்சு நூல்களுக்கு மரப்பலகையிற் படம் வெட்டிக் கொடுப்பதிற் பெயர் பெற்றது. டூரரின் ஞானத்தந்தையாகிய அன்டன் கோபெர்கரோ அக்கால ஐரோப்பாவின் பெரிய அச்சகத்தாருள் ஒருவர். இங்ஙனம் பொற்கொல்லரின் நுண்ணிய கை, மரவெட்டுத் தொழில், அச்சு வணிகம் ஆகிய மூன்றும் இளமையிலேயே அவரிடத்து ஒன்றுகூடின.

முதல் யாத்திரை

பயிற்சி முடித்த இளைஞன் சில ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று வேறு ஆசிரியரிடத்தும் தொழில் பார்த்த பின்னரே தொழிலாளனாக நிலைபெறலாம் என்பது அந்நாட்டுக் கைவினைஞரின் வழக்கம். அவ்வழக்கப்படி 1490 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு கழிந்தபின் டூரர் புறப்பட்டார். அப்பொழுது அவர்க்குப் பத்தொன்பது வயதும் நிரம்பவில்லை.

செப்புத் தகட்டிற் செதுக்கிப் படம் அச்சிடுவதிற் கொல்மார் நகரத்து மாட்டின் சோங்கவர் தலைசிறந்து விளங்கினார். அவரை அடுத்துக் கற்க வேண்டும் என்பது டூரரின் பேராவல். 1492 இல் டூரர் கொல்மாரை அடைந்தபோது சோங்கவர் உலகில் இல்லை; முந்திய ஆண்டிலேயே இறந்துவிட்டார். எவரைத் தேடிச் சென்றாரோ அவரைக் காணாதொழிந்த அவ்விளைஞரை, இறந்தாரின் சகோதரர் அன்புடன் வரவேற்றனர். ஆசிரியர் இல்லை, ஆசிரியரின் தகடுகளும் படங்களும் இருந்தன. அவற்றையே ஆசிரியராகக் கொண்டார் டூரர்.

அங்கிருந்து பாசல் நகரத்துக்குச் சென்று, நூல்களுக்கு மரவெட்டுப் படங்கள் வரைந்து கொடுத்தார். 1492 இல் வெளிவந்த புனித எரோனிமுவின் மடல்களுக்கு அவர் வரைந்த முகப்புப் படத்தின் மரப்பலகை, முதுகிலே அவர் பெயர் தாங்கி இன்றும் அந்நகரில் உள்ளது. 1494 இல் தந்தையாரின் அழைப்புக்கு இணங்கி ஊர் திரும்பினார். அதே ஆண்டு யூலை 7 ஆம் நாள் ஆக்னெஸ் பிறை என்னும் பெண்ணை மணந்தார். மணப்பேச்சை முடித்தவர் தந்தையார். சீதனம் இருநூறு பொற்காசு. இது நம்மவர்க்கு விளக்கம் வேண்டாத ஏற்பாடே.

அல்ப்ஸ் மலைக்கு அப்பால்

மணமாகிச் சில திங்களே சென்றன. நூரம்பேர்க்கிற் கொள்ளைநோய் பரவிற்று. டூரர் மனைவியை ஊரில் விட்டு, அல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குப் புறப்பட்டார். இம்முறை அவர் வெனிஸ் வரை சென்றார் என்பது அறிஞருட் பெரும்பாலார் கருத்து. இத்தாலியிற் கண்டவற்றினும், போகும் வழியிலும் வரும் வழியிலும் கண்டவையே அவர்க்குப் பெரும் பயன் அளித்தன என்று நாம் கூறத் துணிவோம்.

இன்ஸ்புறூக் நகரமும் அதன் அரண்மனை முற்றமும், திரென்ற் நகரமும், ஆர்க்கோ என்னும் மலைக்கோட்டையும் அவர் கையில் நீர்வண்ண ஓவியங்களாயின. அக்கால ஐரோப்பாவிலே மலையும் மரமும் ஆறும், சமயக் கதைமாந்தரின் பின்னணியாக மாத்திரமே வரையப்பட்டன. ஓர் இடத்தை அவ்விடத்தின் பொருட்டே, கதையும் மாந்தரும் இன்றி, நிறமும் ஒளியும் தோன்ற வரைதல் மிக அரிது. வழிப்போக்கராகச் சென்ற டூரர், தம் கண்ணிற் பட்டதே ஓவியத்துக்குப் போதிய பொருள் என்று கண்டு கொண்டார்.

இவ்வழிக் குறிப்புகள் பெட்டியிற் கிடந்து மங்கவில்லை. ஏறத்தாழ 1502 இல் அவர் செதுக்கிய நெமெசிஸ் என்னும் செப்புத்தகட்டுப் படத்திலே, விதித் தெய்வம் வானில் உருண்டையின்மீது நிற்க, அதன் காலடியிற் சிறு மலையூர் ஒன்று வீடும் பாலமும் தெரியக் கிடக்கின்றது. அது கற்பனை ஊர் அன்று. அல்ப்ஸ் வழியில் உள்ள கிளவுசன் என்னும் ஊரே. தகட்டிலிருந்து அச்சிடும்போது இடவலம் மாறுதலால் ஊரும் இடவலம் மாறிக் காணப்படுகின்றது. கண்டதைக் குறித்து வைத்து, வேண்டுங்காலத்து எடுத்தாளுதல் அவர்தம் முறை.

1495 இல் ஊர் திரும்பித் தமக்கெனப் பட்டறை அமைத்தார். 1498 இல் விவிலியத்தின் திருவெளிப்பாட்டுக்குப் பதினைந்து பெரிய மரவெட்டுப் படங்கள் செய்து, ஜேர்மன் மொழியிலும் இலத்தீனிலும் தாமே நூலாக வெளியிட்டார். பெயர் எங்கும் பரந்தது. அவர் செல்லாத ஊர்களுக்கும் அவர்தம் படங்கள் சென்றன. முகவர் ஒருவர் நகரந்தோறும் கொண்டு சென்று விற்றார். மனைவியாரும் தாயாரும் சந்தைகளிற் கடை வைத்து விற்றனர். அவர் நெடுநாள் வெளியூரில் இருக்க இயன்றமைக்கு, ஊரில் இருந்து தொழிலைக் காத்த இவ்விரு பெண்மணிகளும் பெருங்காரணர் ஆவர்.

வெனிஸ் நகரில்

1500 ஆம் ஆண்டளவில் யாக்கோப்போ தே பார்பரி என்னும் வெனிஸ் ஓவியர் நூரம்பேர்க்குக்கு வந்தார். மனித உருவத்தை அளவு விதியால் அமைக்கலாம் என்பதற்குச் சான்றாக ஓர் ஆணையும் பெண்ணையும் வரைந்து டூரருக்குக் காட்டினார். ஆயின் அவ்விதியைச் சொல்லிக் கொடுக்க மறுத்தார். இத்தாலியர் அறிந்த ஒன்றைத் தாம் அறியோம் என்னும் எண்ணம் டூரரின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. உரோமருடைய கட்டடக்கலை ஆசிரியராகிய வித்துருவியசின் நூலைத் தேடிப் படித்தார்; தாமே அளந்து பார்த்தார். 1505 இல் மறுபடியும் வெனிசுக்குப் புறப்பட்டார். வழிச்செலவுக்கு வேண்டிய பணத்தை நண்பர் வில்லிபால்ட் பிர்க்ஹைமர் கடனாகக் கொடுத்தார். அந்நண்பருக்கு டூரர் வெனிசிலிருந்து எழுதிய கடிதங்கள் பத்து இன்று கிடைக்கின்றன. அவற்றால் அவரது அந்நாள் வாழ்வை நாம் நேரிற் காண்பதுபோல அறிகின்றோம்.

வெனிஸ் ஓவியர் எல்லாரும் அவரை விரும்பி வரவேற்றாரல்லர். தம் தொழிற்சங்கத்துக்குப் பணம் செலுத்த வேண்டும் என்று மும்முறை அதிகாரிகளின் முன் நிறுத்தினர். நான்கு பொற்காசும் வாங்கினர். அவர் படங்களைக் களவாய்ப் பார்த்து வரைந்தவர்களே, அவை பழைய கலைக்கு ஒவ்வாதன என்று இழித்தும் பேசினர். முதியவராகிய சோவன்னி பெல்லினி மாத்திரம் பலர் முன்னிலையில் அவரைப் புகழ்ந்தார். தமக்கு ஒரு படம் செய்து தருமாறும் கேட்டார். ஓவியருட் சிறந்தவர் இவரே என்று டூரர் அம்முதியவரை மதித்தார்.

வெனிசில் வாழ்ந்த ஜேர்மன் வணிகர், தங்கள் தேவாலயத்துக்குப் பீடத்து ஓவியம் ஒன்று செய்யுமாறு டூரரை வேண்டினர். உரோசாமாலைத் திருவிழா எனப்படும் அவ்வோவியத்தை 1506 இல் முடித்தார். செதுக்குத் தொழிலில் வல்லவர் எனினும் வண்ணம் தீட்ட அறியார் என்று அதுவரை கூறிவந்த வெனிஸ் ஓவியர், அதைக் கண்ட பின் வாய் அடங்கினர். வெனிஸ் குடியரசின் தலைவரும் தலைமைக் குருவும் வந்து பார்த்தனர். அவ்வோவியம் இப்பொழுது பிராக் நகரில் உள்ளது.

வெனிசில் அவர் கற்றதற்கு ஓர் எளிய சான்று கூறுவோம். அந்நகரத்து ஓவியர், நீலநிறத் தாளிற் கரிய மையாலும் வெண்மையாலும் தூரிகை கொண்டு வரைதல் வழக்கம். தாளின் நீலமே இடைநிறமாய் நிற்க, நிழலை மையும் ஒளியை வெண்மையும் காட்டும். டூரர் அம்முறையைக் கைக்கொண்டார். ஊர் திரும்பியபின் அத்தகைய தாள் அங்குக் கிடையாமையாற் சாதாரணத் தாளுக்குத் தாமே வண்ணம் பூசிக்கொண்டார். கூப்பிய இரு கைகளைக் காட்டும் அவரது படத்தை அறியாதார் அரியர். உலகெங்கும் நாட்காட்டிகளிலும் வாழ்த்து மடல்களிலும் அது அச்சிடப்படுகின்றது. 1508 இல் அவ்வாறு நீலம் பூசிய தாளில் வரையப்பட்டதே அது. தமையனைப் படிக்கவைக்கச் சுரங்கத்தில் உழைத்துக் கை முறுகிய சகோதரன் ஒருவனின் கைகளே அவை என்று ஒரு கதை நம் பாடசாலைகளிலும் சொல்லப்படுவதுண்டு. உருக்கமான அக்கதைக்கு ஆதாரம் யாதும் இல்லை. பிராங்போட் நகரத்து வணிகர் ஒருவருக்காகச் செய்த பீட ஓவியத்தில், திருத்தூதர் ஒருவரின் கைகளுக்கு முன்மாதிரியாக வரையப்பட்டவை அவை. அவ்வோவியத்தின் நடுப்பலகை 1729 இல் மியூனிக் நகரில் தீக்கு இரையாயிற்று. முன்மாதிரியோ நின்று நிலவுகின்றது.

தொலைவையும் அண்மையையும் தட்டைப் பலகையிலே தோன்றச் செய்யும் கணக்கு முறையைக் கற்பிப்பார் ஒருவர் பொலோஞ்ஞா நகரில் உளர் என்று கேள்வியுற்று, அங்கும் செல்ல முனைந்தார். 1507 இல் வெனிசில் யூக்கிளிட்டின் கேத்திரகணித நூலை ஒரு பொற்காசு கொடுத்து வாங்கினார். வெனிஸ் அரசு ஆண்டுக்கு இருநூறு பொற்காசு தருவதாகக் கூறி அவரைத் தங்குமாறு கேட்டது. வெனிசில் அவர்க்குப் பெருமக்களோடு ஒத்த மதிப்பு. சொந்த ஊரிலோ ஓவியன் என்பவன் கைத்தொழிலாளருள் ஒருவன். இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்து நண்பருக்கு வருந்தி எழுதியவர், அதே ஆண்டில் ஊருக்கே திரும்பினார்.

காணாத விலங்கு

அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் அவர் ஊரிலேயே பெரும்பாலும் வாழ்ந்தார். 1509 இல் நகர வாயிலின் அருகே பெரிய வீடு ஒன்றை வாங்கினார். அது இன்று அவர் நினைவு இல்லமாக விளங்குகின்றது. 1513 இலும் 1514 இலும் அவரது செப்புத்தகட்டுப் படங்களுட் புகழ்மிக்க மூன்று தோன்றின. தாயாரும் 1514 இல் இறந்தார். இறப்பதற்குச் சில திங்களின் முன் எலும்பும் தோலுமாய் இருந்த அவ்வன்னையைக் கரித்துண்டால் டூரர் வரைந்த படம், பார்ப்பார் கண்ணை நனைப்பது.

1515 இல் நிகழ்ந்த ஒன்று நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. கூர்ச்சரத்துச் சுல்தான் போர்த்துக்கேயருக்கு அளித்த காண்டாமிருகம் ஒன்று கப்பலேறி அவ்வாண்டு மே மாதத்தில் லிஸ்பனை அடைந்தது. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவிற் காணப்படாத விலங்கு அது. லிஸ்பனிலிருந்து ஒரு கடிதமும் கீறற்படமும் நூரம்பேர்க்குக்கு வந்தன. அவற்றைக் கொண்டே டூரர் காண்டாமிருகத்தை மரவெட்டுப் படமாக்கினார். தோலின் மடிப்புகள் இரும்புக் கவசத் தகடுகளாயின. கால்கள் செதில் மூடின. பிடரியின்மேல் இல்லாத சிறு கொம்பு ஒன்றும் முளைத்தது. படமோ பல்லாயிரக்கணக்கில் அச்சாகிப் பரந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய நூல்கள் பலவற்றில் அதுவே காண்டாமிருகத்தின் உண்மை உருவமாக நின்றது.

1502 இல் முயலொன்றை மயிரும் மீசையும் எண்ணத்தக்கதாக வரைந்தவரும், 1503 இற் புற்றரை ஒன்றை இதழ் இதழாகத் தீட்டியவரும் இவரே. அக்கையே கண் காணாத இடத்துப் பிழைத்தது. கேட்டுச் செய்தலுக்கும் கண்டு செய்தலுக்கும் உள்ள வேற்றுமையை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறு நாம் அறியோம்.

வடகடல் யாத்திரை

பேரரசர் மக்சிமிலியன் டூரரின் பணியை மெச்சி, 1515 இல் ஆண்டுக்கு நூறு பொற்காசு உதவிப்பணம் விதித்தார். 1519 தொடக்கத்தில் அவர் இறந்ததும், புதிய பேரரசர் உறுதி செய்தாலன்றிக் கொடுப்பதற்கில்லை என்று நகரசபை நிறுத்திவிட்டது. புதிய பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் முடிசூட வருகின்றார் என்று அறிந்து, 1520 யூலை 12 ஆம் நாள் டூரர் நெதர்லாந்துக்குப் புறப்பட்டார். வயது நாற்பத்தொன்பது. இம்முறை மனைவியாரையும் பணிப்பெண்ணையும் உடனழைத்துச் சென்றார். கட்டுக் கட்டாகத் தம் அச்சுப்படங்களையும் கொண்டு சென்று, வழியெல்லாம் விற்றும், பரிசளித்தும், உணவுக்கும் உறையுளுக்கும் மாற்றியும் வந்தார். அன்றாட வரவு செலவுகளை எழுதிய அவரது நாட்குறிப்பிலே, கோழிக்கும் மருந்துக்கும் கொடுத்த காசின் இடையே உலக வரலாறும் கிடக்கின்றது.

அன்ட்வேர்ப் நகரத்து ஓவியர் சங்கத்தார் அவர்க்கும் மனைவியார்க்கும் வெள்ளித் தட்டுகளில் விருந்தளித்து, இரவில் தீப்பந்தங்களுடன் விடுதி வரை கொண்டு சேர்த்தனர். போர்த்துக்கேய வணிகர் கிளிகளையும் தேங்காய்களையும் கள்ளிக்கோட்டைத் துணிகளையும் அன்பளிப்பாக அனுப்பினர். கீழ்த்திசைப் பொருள் பலவற்றுக்கும் அந்நாளில் அங்குக் கள்ளிக்கோட்டை என்பதே பெயர். பிரசெல்ஸ் நகரில், மெக்சிக்கோவிலிருந்து பேரரசருக்கு வந்த பொருள்களைக் கண்டார். ஒரு பாக அகலமான பொற் சூரியனும், அதே அளவான வெள்ளிச் சந்திரனும், படைக்கலங்களும், ஆடைகளும் அவற்றுள் இருந்தன. பிறர் அவற்றின் விலையைக் கணித்துக்கொண்டிருக்க, டூரரோ தொலைநாட்டாரின் நுண்ணறிவை வியந்து மனம் நெகிழ்ந்து எழுதினார். அப்பொற் சூரியனும் வெள்ளிச் சந்திரனும் இன்று இல்லை. அவர் எழுத்து உளது. பொற்கொல்லர் ஒருவரின் மகன் பிறநாட்டாரின் பொன்வேலைக்குச் செலுத்திய அந்த வணக்கத்தை அவ்வியாத்திரையின் பெரும் பேறுகளுள் ஒன்றாக நாம் மதிக்கின்றோம்.

ஆகென் நகரில் முடிசூட்டு விழாவைக் கண்டு, நவம்பரிற் கொலோன் நகரில் உதவிப்பணத்துக்குரிய உறுதிப் பத்திரத்தைப் பெற்றார். வந்த கருமம் முடிந்தது. ஆயினும் ஊர் திரும்பாமல் அன்ட்வேர்ப்புக்கே மீண்டார். அப்பொழுது சீலந்துக் கரையில் மிகப் பெரிய திமிங்கிலம் ஒன்று ஒதுங்கிற்று என்று கேள்வியுற்றார். காண்டாமிருகத்தைக் காணாது வரைந்தவர் இதனைக் கண்டே தீர விரும்பினார் போலும்! டிசம்பர்க் குளிரிற் படகேறினார். ஆர்ணமுய்டன் துறையில் இறங்குங்கால் வேறொரு பெரிய கப்பல் மோத, கயிறு அறுந்து, புயற்காற்று அவர்தம் படகைக் கடலுக்குள் இழுத்துச் சென்றது. மாலுமிகள் முன்னரே இறங்கிவிட்டனர். எஞ்சியவர் படகுத்தலைவனும், டூரரும், அவர் நண்பர் ஒருவரும், இரு கிழவியரும், ஒரு சிறுவனுமே. தலைவன் நம்பிக்கை இழந்து புலம்பினான். டூரர் அவனைத் தேற்றிச் சிறுபாயை விரிக்கத் தூண்டினார். எல்லாரும் கைகொடுத்துப் பாயை ஏற்ற, படகு கரை சேர்ந்தது. ஆனால் திமிங்கிலத்தை மாத்திரம் காணவில்லை. கடற்பெருக்கு அதனை அடித்துச் சென்றுவிட்டது.

அந்த ஈரநிலத்திலே இனம் அறியாத நோய் ஒன்று அவரைப் பற்றிற்று. 1521 வசந்தத்திற் கடுங்காய்ச்சலும் சோர்வும் தலைநோவும் மீண்டும் வருத்தின. அது மலேரியாவாக இருத்தல் கூடும் என்று பிற்காலத்தார் கருதுவர். அதன்பின் அவர் முழுநலம் பெற்றிலர். ஆயினும் அந்நோயிடையும் புறூச்சில் மைக்கேல் ஆஞ்செலோவின் மாதாச் சிலையையும், கெண்டில் வன் ஐக் சகோதரரின் பெரும் பீட ஓவியத்தையும் கண்டார். தொண்ணூற்று மூன்று வயது முதியவர் ஒருவரையும், போர்த்துக்கேய வணிகர் மனையில் இருந்த கத்தரினா என்னும் இருபது வயது ஆபிரிக்கப் பெண்ணையும் வரைந்தார். தாழ்ந்த பார்வையும் அடங்கிய துயரமும் கொண்ட அப்பெண்ணின் முகத்தை, வேடிக்கைப் பொருளாக அன்றி, மனித முகமாகவே கண்டு வரைந்துள்ளார்.

மீட்சியும் முடிவும்

அன்ட்வேர்ப் நகரமும் ஆண்டுக்கு முந்நூறு பொற்காசும் வீடும் தர முன்வந்தது. டூரர் அதனையும் மறுத்து, 1521 இல் நூரம்பேர்க்கை அடைந்தார். அவ்வூர் அவர்க்கு என்ன செய்தது? 1524 இல் நகரசபைக்கு அவர் எழுதிய விண்ணப்பத்திலே அதற்கு விடை உண்டு. முப்பது ஆண்டுகளில் இந்நகரத்தார் தமக்கு அளித்த வேலை ஐந்நூறு பொற்காசுக்கும் நிரம்பாது என்றும், தம் வருவாயெல்லாம் வெளியாரிடமிருந்தே வந்தது என்றும், வெனிசும் அன்ட்வேர்ப்பும் கொடுக்க வந்தவற்றை ஊர்மேல் வைத்த அன்பால் ஒதுக்கினார் என்றும் அதில் அவர் எடுத்துரைத்தார். அவர் அங்குக் கேட்டதோ, தாம் சேமித்த ஆயிரம் பொற்காசை நகரசபை ஏற்று ஆண்டுக்கு ஐம்பது வட்டி தரவேண்டும் என்பது மாத்திரமே. ஊரை நேசித்தவர்க்கு ஊரின் குறை தெரியாது என்பதில்லை, தெரிந்தே நேசித்தார்.

நோயுற்ற அவ்விறுதி ஆண்டுகளில் அவர் தூரிகையினும் எழுதுகோலையே மிகுதியாக எடுத்தார். பார்பரி சொல்ல மறுத்ததும், வெனிசில் நூல் வாங்கிக் கற்றதும், தாமே அளந்து கண்டதும் எல்லாம் 1525 இல் அளவை நூலாக வெளிவந்தன. கோலும் கவராயமும் கொண்டு அளத்தலைக் கற்பிக்கும் அந்நூல், ஓவியர்க்கு மாத்திரமன்றிப் பொற்கொல்லர், சிற்பியர், கற்றச்சர், மரத்தச்சர் ஆகியோர்க்கும் பயன்படுமாறு எழுதப்பட்டது. ஜேர்மன் இளைஞர் கைப்பழக்கத்தால் மாத்திரம் தொழில் கற்று, அதன் அடிப்படையை அறியாதிருத்தலே அவரை வருத்திய குறை.

தமிழாசிரியராகிய நமக்கு இந்நூலிற் பெரிதும் இனிப்பது வேறொன்று. கற்றோர் நூல் இலத்தீனிலேயே எழுதப்பட்ட அக்காலத்தில் டூரர் தம் தாய்மொழியிலே எழுதினார். கேத்திரகணிதத்துக்கு வேண்டிய கலைச்சொற்கள் அம்மொழியில் இல்லை. அவற்றைப் பட்டறையிலும் வீட்டிலும் வழங்கிய சொற்களிலிருந்தே ஆக்கிக்கொண்டார். சுருண்டு செல்லும் கோட்டுக்கு நத்தைக்கோடு என்றும், நீள்வட்டத்துக்கு முட்டைக்கோடு என்றும் பெயரிட்டார். படியாத தச்சனும் ஒருமுறை கேட்டால் மறவான். கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபட்ட நம்மவர் கண்ட இடர்ப்பாடுகள் அனைத்தையும் ஐந்நூறு ஆண்டுகளின் முன் ஓர் ஓவியர் தனியே எதிர்கொண்டார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

1526 இல் திருத்தூதர் நால்வரைக் காட்டும் இரு பெரும் பலகைகளை நகரசபைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். சபையார் நூறு பொற்காசு வழங்கினர். ஒரு நூற்றாண்டின் பின், 1627 இல், அப்பலகைகள் பவேரிய அரசர் கைப்பட்டு மியூனிக்குக்குச் சென்றன. இன்றும் அங்கேயே உள்ளன. 1527 இற் கோட்டை அமைப்புப் பற்றிய நூலை வெளியிட்டார். மனித உடலின் அளவு பற்றிய நான்கு பாக நூல் அச்சாகுமுன், 1528 ஏப்பிரில் 6 ஆம் நாள், ஐம்பத்தாறாம் வயதிற் காலமானார். மனைவியார் ஆக்னெஸ் அதனை அவ்வாண்டிலேயே வெளிவரச் செய்தார். இத்தம்பதியர்க்கு மக்கட்பேறு இல்லை. நூரம்பேர்க்கின் புனித யோவான் இடுகாட்டில் டூரரின் உடல் துயில்கின்றது.

டூரர் யாத்திரையாற் பெற்றவை மலையின் ஒளி, வெனிசின் நிறம், அளவின் விதி, பிறநாட்டார்பால் மதிப்பு என்பன. கொடுத்தவை மனைவியைப் பிரிந்த ஆண்டுகளும் உடல்நலமும். நெதர்லாந்தில் நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றிலும் தமக்கு நட்டமே என்று தம் கணக்கிலே அவர் எழுதி வைத்தார். காசுக் கணக்கில் அது மெய்யே. ஆயின் அவ்வியாத்திரைகளின் இலாபம் அவர் ஏட்டில் ஏறவில்லை. அவரை அறியாத தச்சர் மகனும் பொற்கொல்லர் மகனும் அளவை நூலைத் திறந்தபோது அது அவர்கள் கணக்கில் ஏறிற்று.

நம் கல்லூரியின் பழைய மாணவர் இன்று பல நாடுகளிற் பரந்து வாழ்கின்றனர். எல்லாரும் திரும்பி வருதல் இயலாது. வராதவரைக் குறை கூறுதலும் நம் கருத்தன்று. ஆயினும் கற்றதைத் தம் மொழியில், எளிய சொல்லில், பின்வரும் இளைஞர்க்கு எழுதி வைத்தல் எங்கிருந்தும் இயலுவதே. அதனைச் செய்தவர் எந்நாட்டில் இருப்பினும், அவர் ஊர் திரும்பியவரே ஆவர்.